அடியெடுத்துக் கொடுத்தலும் ஏற்றுப் பாடுதலும்: ஊரகத் திருச்சபைப் பாடலை மதிப்பிடும் முறை குறித்து

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் கிறித்தவ இலக்கியம் என்னும் இயல் பெரும்பாலும் வீரமாமுனிவரின் தேம்பாவணியில் தொடங்கி, எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தோடு (1894) நிறைவு பெறுகிறது. இடையே தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு ஒரு பத்தி உண்டு. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கிறித்தவமும் தமிழும்' (1936) உரைநடைக்கும் அச்சுக்கும் தந்த முதன்மை பின்வந்தோரிடமும் தொடர்ந்தது. ஞாயிறுதோறும் ஊரகச் சபைகளில் பாடப்பட்டுவரும் கீர்த்தனைக்கு, 'இன்னார் கீர்த்தனைகள் பல இயற்றினார்' என்னும் ஒரு தொடருக்கு மேல் இவ்வரலாறுகளில் இடம் கிடைப்பது அரிது. கீர்த்தனையைத் தனியே எடுத்து ஆராய்ந்தோரும் அதன் இராகம், தாளம், யாப்பு ஆகியவற்றில் காட்டிய அக்கறையை, அதனைப் பாடுவோர் யாவர், எழுத்தறியாத நிலையில் அதனை எங்ஙனம் கற்றனர் என்னும் வினாக்களில் காட்டினர் எனக் கூற இயலாது.

ஊரகத் திருச்சபைப் பாடலைப் புலவர் ஒருவரின் ஆக்கமாக மட்டும் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது என்பதும், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடும் நிகழ்வையே அதன் அலகாகக் கொள்ளவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தமிழகச் சான்றுகளோடு, ஐதராபாத்தைச் சூழ்ந்த தெலங்கானா ஊரகச் சபைகளின் சான்றுகளையும் உடன்வைத்து இது நோக்கப்படுகிறது. தமிழில் புலவர் பெயரும் நூற்பெயரும் முன்னின்று மறைத்துவிடும் சில செய்திகள் தெலுங்கில் வெளிப்படையாகத் தெரிகின்றன.

முதலில் வடிவத்தைக் காண்போம். தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ் ஆராதனையில் பாமாலை, கீர்த்தனை என இருவகைப் பாடல்கள் வழங்குகின்றன. பாமாலை மேலைநாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலான ஜெர்மானிய மிஷனரிமார் தொடங்கிய ஞானப்பாட்டு மரபின் தொடர்ச்சி. கீர்த்தனையோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளை உடையது. இராகமும் தாளமும் தலைப்பில் குறிக்கப்படுவது. சிற்றூர்களில் பாமாலையினும் கீர்த்தனையே வேரூன்றியது. அதன் இசை நம் மண்ணுக்குரியது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இது பாதி உண்மை. மறுபாதி உறுப்பமைப்பில் இருக்கிறது. பாமாலையில் மெட்டு திரும்பத் திரும்ப வந்தாலும் சொற்கள் அடிதோறும் புதியவை. புத்தகத்தைப் பார்த்துப் படிக்க இயலாதவர் அதில் கலந்துகொள்ள முடியாது. கீர்த்தனையில் பல்லவி ஒன்றை மட்டும் செவிவழிக் கற்றவரும் பாடலின் பங்காளராகிவிடுகிறார். சரணங்களை உபதேசியார் பாடிச் செல்வார். ஒவ்வொரு சரணத்தின் இறுதியிலும் சபை பல்லவிக்குத் திரும்பும். எட்டுச் சரணம் உள்ள பாடலில் எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி எட்டு முறை முழுக்குரலில் பாடுகிறாள். நாளடைவில் சரணங்களும் அவளுக்கு மனப்பாடமாகின்றன.

எழுத்தறியாத சபை பாடவேண்டிய நெருக்கடி நமக்கு மட்டும் உரியதன்று. 1645இல் இங்கிலாந்தில் வெளிவந்த வெஸ்ட்மினிஸ்டர் ஆராதனை ஒழுங்குநூல், படிக்கத் தெரியாதோர் மிகுந்த சபைகளில் சங்கீதத்தை ஒருவர் அடியடியாகச் சொல்லித்தர, மற்றோர் அதனைப் பாடலாம் என்று விதித்தது. அவ்வழக்கம் கடல் கடந்து அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் சென்று, அவர்களுடைய அழைப்பும் மறுமொழியுமான பாட்டு முறையோடு கலந்து நிலைபெற்றது. 1930களில் சிகாகோ நகரில் தாமஸ் ஏ. டார்சி முதலியோர் வளர்த்த நற்செய்திப் பாடலின் பின்னணியிலும் இம்மரபின் தடம் உண்டு. அங்கே முழுப்பாடலையும் துண்டுதுண்டாக ஊட்டவேண்டியிருந்தது. இங்கே பல்லவி அப்பணியை எளிதாக்கியது. அடியெடுத்துக் கொடுத்தல் நம் பசனை மடங்களிலும் வில்லுப்பாட்டுக் களங்களிலும் முன்பே இருந்த வழக்கமாதலின், உபதேசியார் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

டோர்ணக்கலும் மேடக்கும்

1903இல் பாளையங்கோட்டையில் தோற்றுவிக்கப்பட்ட இந்திய மிஷனரி சங்கம் தன் பணிக்களமாக நிசாம் ஆட்சிக்குட்பட்ட டோர்ணக்கல் பகுதியைத் தேர்ந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவராகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874-1945) திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, டோர்ணக்கலில் இறுதிவரை பணியாற்றியவர். தெலுங்கு கற்றுத் தெலுங்கிலேயே ஊழியம் செய்தார். அவருடைய சபைகளில் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற உழைப்பாளிகள். அசரியாவின் வரலாற்றை விரிவாக எழுதியுள்ள சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் (2000), தெலுங்குப் பாடல்களையும் நாட்டு வழக்கிலமைந்த விழாக்களையும் அவர் ஊக்குவித்தமையை எடுத்துக்காட்டுகிறார். 1939இல் திருநிலைப்படுத்தப்பட்ட டோர்ணக்கல் பேராலயத்தில் இந்தியக் கட்டடக் கலைக் கூறுகளைக் கலந்து அமைத்த அதே நோக்கு அவர்தம் பாட்டுக் கொள்கையிலும் காணப்படுகிறது.

ஐதராபாத்துக்கு வடக்கே மேடக் பகுதியில் வெஸ்லியன் மிஷனரிமாரின் பணி நடந்தது. பாஸ்னெட் எழுப்பிய மேடக் பேராலயம் 1924 கிறிஸ்துமஸ் நாளில் திருநிலைப்படுத்தப்பட்டது. கட்டுமான வேலை பஞ்சகாலத்து மக்களுக்குக் கூலியும் சோறுமாக இருந்தது என்பது அவ்வட்டாரத்தில் இன்றும் நினைவுகூரப்படும் செய்தி. இப்பகுதிச் சிற்றூர்ச் சபைகளை 1959இல் களஆய்வு செய்த பி.ஒய். லூக், ஜான் பி. கார்மன் இருவரும் எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவோர் போச்சம்மா வழிபாட்டிலும் பங்குகொள்ளும் நிலையை அந்நூல் மறைக்காமல் பதிவு செய்கிறது. அரைநூற்றாண்டுக்குப் பின் கார்மனும் சில்குரி வசந்தராவும் அதே ஊர்களுக்குச் சென்று எழுதிய நூல் 2014இல் வந்தது. தேய்வும் மறுமலர்ச்சியும் என அதன் துணைத்தலைப்பே கூறும். ஒரே ஊர்த்தொகுதியை ஐம்பது ஆண்டு இடைவெளியில் இருமுறை கண்ட இத்தகைய ஆய்வு தமிழகச் சபைகளுக்கும் வாய்த்திருப்பின் நம் துறைக்குப் பெரும்பயன் விளைந்திருக்கும்.

இச்சபைகளில் பாடப்படும் 'ஆந்திர கிரைஸ்தவ கீர்த்தனலு' என்னும் தொகுப்பின் முதன்மைப் புலவராகப் போற்றப்படுபவர் புருஷோத்தம சௌதரி (1803-1890). அவர் பிராமணக் குடியில் பிறந்தவர். இலக்கணமும் இசையும் கற்றவர். அவருடைய தெலுங்கு வடமொழி மிகுந்தது. அதனைப் பாடியவர்களோ பள்ளிக்கூட வாசலில் நிற்கவும் அனுமதிக்கப்படாத மாலா, மாதிகா மக்கள். ஆக்கியோனுக்கும் பாடுவோர்க்கும் இடையே சாதியாலும் கல்வியாலும் இவ்வளவு தொலைவு இருந்தும் பாட்டு எவ்வாறு கடந்து சென்றது? கோல்கொண்டாச் சிறையோடு பெயர் இணைந்த பத்ராசல இராமதாசரின் பாடல்கள் பசனைக் கூட்டங்களின் வழியே சிற்றூர்களில் பரவியிருந்தன. அன்னமாச்சாரியர் (1408-1503) காலந்தொட்டே பல்லவி, சரணம் என்னும் அமைப்பு தெலுங்கு மக்களின் செவிக்குப் பழகியது. பசனைக் கூடத்திற்குள் இடம்பெறாதவரும் வெளியே நின்று கேட்டிருக்க வேண்டும். புர்ரகதையில் கதை சொல்வோர் முன்னின்று பாட, இரு துணைவர் உடன் ஏற்றுப் பாடும் முறையும் அவர்கள் அறிந்ததே. சொல்லின் பொருள் முழுதும் விளங்காத நிலையிலும் பல்லவியை ஏற்றுக்கொள்ளும் பயிற்சி முன்பே அமைந்திருந்தது எனலாம்.

மேடக் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இக்கட்டுரையாளர் கண்ட மாலை ஆராதனையில், அடியெடுத்துக் கொடுத்தவர் களைபறிப்பு வேலை முடித்து வந்த ஓர் அம்மையார். அவர் கையில் புத்தகம் இல்லை. அருகிலிருந்த இளைஞரிடம் இருந்த புத்தகத்தில் அப்பாடலுக்கு ஆறு சரணங்கள் இருந்தன. அம்மையார் பாடியவை நான்கு. மூன்றாவதும் ஐந்தாவதும் வரவேயில்லை. அவற்றின் வடமொழித் தொடர்கள் கடினமானவை எனக் கருதினால், பாடப்பட்ட நான்காவது சரணம் அவற்றினும் கடினமானது. ஆனால் அது இறப்பைப் பற்றியது. கடினச்சொல் அங்கே தடையாகவில்லை. பாடுவோர் தமக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டிருக்கின்றனர். விடுதலும் கொள்ளுதலுமான இச்செயலுக்குத் திறனாய்வு என்றே பெயரிடலாம். அது ஏட்டில் எழுதப்படவில்லை என்பதொன்றே வேறுபாடு.

சாஸ்திரியாரின் இரு வழக்குகள்

வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) திருநெல்வேலியிற் பிறந்து சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். இரண்டாம் சரபோசியின் இளமைத் தோழர். பெத்லகேம் குறவஞ்சி, நோவாவின் கப்பல் பாட்டு முதலியவற்றை இயற்றியவர். தியாகராசர் (1767-1847) தெலுங்கில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்த அதே காவிரிக்கரையில் சாஸ்திரியார் தமிழில் பாடினார். தெலுங்கில் தழைத்த வடிவம் தஞ்சை மண்ணில் தமிழாகி, கிறித்தவமாகி, ஒரு நூற்றாண்டுக்குப் பின் திருநெல்வேலிச் சபையில் கீர்த்தனை கேட்டு வளர்ந்த மற்றொரு வேதநாயகத்தின் ஊழியத்தில் தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களோடு தொடர்பு கொண்டது நோக்கத்தக்கது.

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாரோடு சாஸ்திரியார் கடுமையாக மோதினார். டென்னிஸ் ஹட்சன் (2000) இம்மோதலை அவருடைய எழுத்துகளின் வழியே விரித்துரைக்கிறார். அவர் முறையிட்ட கொடுமைகள் நான்கு: வேதநூலின் பழைய தமிழைத் திருத்தியது, கோயிலில் சாதி வேறுபாட்டை ஒழித்து அனைவரையும் ஒன்றாக்க முயன்றது, திருமணத்திலும் இறப்பிலும் மலர்களைத் தடுத்தது, தமிழ்ப் பாடல்களையும் இசையையும் விலக்கியது. நம் இலக்கிய வரலாறுகள் நான்காவதை எடுத்துப் போற்றுகின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. தமிழ்ப் பாட்டுக்காக வழக்காடிய அதே நாவே, வேளாளரும் பறையரும் தனித்தனியே அமரும் உரிமைக்காகவும் வழக்காடியது. இரண்டையும் அவர் 'மரபு' என்னும் ஒரே சொல்லால் காத்தார். இதனை மறைத்துவிட்டு அவரைத் தமிழிசைக் காவலராக மட்டும் காட்டுவது ஆய்வு நெறியன்று. இதனை ஒன்றையே கூறி அவருடைய பாடல்களைத் தள்ளிவிடுவதும் எளிய வழியே.

ஏனெனில் அப்பாடல்கள் அவர் கையில் நிற்கவில்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பின் வழியே அவை பொது ஆராதனைக்கு வந்தன. தஞ்சை அவைக்களத்திற்கும் கதாகாலட்சேபத்திற்கும் உரியதாக இருந்த பாட்டு, மதுரை, திருநெல்வேலிச் சிற்றூர்களின் ஓலைக்கூரைக் கோயில்களில் உபதேசியாரின் வாய்வழியே புகுந்தது. அங்கே பாடியோர் நாடார்களும் பறையர்களும் பள்ளர்களும். தலைப்பில் அச்சிட்ட இராகம் ஒன்றாகவும், ஊரில் வழங்கும் மெட்டு மற்றொன்றாகவும் இருப்பது கீர்த்தனை பாடும் எந்தச் சபையிலும் காணக்கூடியது. கமகங்கள் உதிர்ந்து, மெட்டு நேராகி, கைத்தாளத்திற்கு ஏற்ப நடை விரைவுபடுகிறது. இசையறிஞர் இதனைச் சிதைவு என்பர். ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) போன்று சுருதி நுட்பத்தை வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் நோக்கில் அது சிதைவே. பாடுவோர் நோக்கில், பலர் ஒருங்கே பாடுவதற்கு எது இடையூறோ அது நீங்கியிருக்கிறது.

பறையும் பாட்டும்

இவ்விடத்தில் பரட்டை என்னும் புனைபெயர் கொண்ட ஜே. தியாப்பிலஸ் அப்பாவுவின் (1940-2005) கருத்தை எதிர்கொள்ளாமல் செல்ல இயலாது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், கர்நாடக இசைக் கீர்த்தனை மேற்சாதியாரின் விழுமியங்களைச் சுமந்துவருவது என்றும், நாட்டுப்புற இசையே ஒடுக்கப்பட்டோரின் இறையியலுக்கு உரிய ஊடகம் என்றும் வாதிட்டார். கிராமிய இசையில் ஆராதனை முறை ஒன்றையும் அமைத்தார். பாடல் அச்சில் உறைந்துவிடாமல் மக்கள் தம் விருப்பப்படி மாற்றிப் பாடவேண்டும் என்பது அவர் கொள்கை. சோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் இப்பணியை முழுமையாக ஆராய்கிறது. சத்தியநாதன் கிளார்க் (1998) பறையையே பறையர் சமயத்தின் மையக் குறியீடாகக் கொண்டு இறையியல் பேசினார்.

அப்பாவு கேட்ட வினா நியாயமானது. தம் மக்களைத் தாழ்த்திய அழகியலைக் கொண்டே தம் கடவுளைப் பாடவேண்டிய கட்டாயம் ஒருவர்க்கு ஏன் இருக்கவேண்டும்? எனினும் அவருடைய விடை, பாட்டின் சாதியை அதன் பிறப்பிடத்தில் தேடுகிறது. மக்கள் மாற்றிப் பாடுவதே நாட்டுப்புறப் பாடலின் உயிர் என்று அவரே கூறும்போது, கீர்த்தனையையும் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாற்றிப் பாடியிருக்கின்றனர் என்பதை அக்கொள்கை ஏற்றாகவேண்டும். மேடக் அம்மையார் விட்டுவிட்ட இரண்டு சரணங்களும், அவர் விடாது வைத்துக்கொண்ட ஒன்றும் இதற்குச் சான்று. ஏற்றவர் கையில் கீர்த்தனை ஏற்றவருடையது ஆகிறது. முழுமையாக அன்று, ஆனால் பெருமளவு. சொற்களில் ஒட்டியிருக்கும் மேட்டிமை முற்றும் நீங்கிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

பறையின் வரலாறு இதனினும் சிக்கலானது. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் தப்பு மாதிகாக்களின் கருவி. சாவுக்கும் ஊர்த்தெய்வ விழாவுக்கும் அழைத்தபோது சென்று அடித்தல் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கடமை. ஓங்கோல் பகுதியில் 1878 சூலை 3ஆம் நாள் ஒன்றில் மட்டும் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்ற பேரியக்கத்தில், புதிதாகக் கிறித்தவரான மாதிகாக்கள் ஊர்விழாவுக்குத் தப்படிக்க மறுத்ததும், அதற்காகத் துன்புறுத்தப்பட்டதும் பதிவாகியுள்ளன. கிணற்றில் நீர் மறுக்கப்பட்டும் வேலை மறுக்கப்பட்டும் அவர்கள் தப்பை எடுக்கவில்லை. அவர்களுக்குத் தப்பைக் கீழே வைத்ததே மானம். அப்பாவுவும் கிளார்க்கும் அதே கருவியைக் கோயிலுக்குள் எடுத்துவந்ததும் மானத்திற்காகவே. பாட்டனார் தூக்கியெறிந்ததைப் பெயரர் தேடியெடுக்கும்போது, ஊரகச் சபைகளில் மூத்தோர் சிலர் முகம் சுளிப்பதை வெள்ளைக்கார மிஷனரி கற்பித்த வெறுப்பு என்று மட்டும் விளக்குவது அவர்தம் பாட்டனார் பட்ட அடியை மறப்பதாகும். கட்டளைக்கு அடித்த பறை வேறு. தன் விருப்பத்தால் அடிக்கும் பறை வேறு. கருவி ஒன்றாயினும் அடிப்பவரை அழைப்பவர் யார் என்பதில் பொருள் மாறுகிறது.

திரையில் வரும் அடி

இன்றைய நிலை வேறு. 1941இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் ஐதராபாத்தின் எபிரோனைத் தலைமையிடமாகக் கொண்ட பக்த்சிங் (1903-2000) இயக்கத்தின் சீயோன் கீதங்கள், சபைப்பிரிவு கடந்து தெலுங்கு நாட்டில் பரவின. தமிழில் அருட்தந்தை பெர்க்மான்சின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் ஒலிநாடாவின் வழியே சிற்றூர்களை அடைந்தன. இப்புதிய பாடல்களை இலக்கியத் தரம் அற்றவை எனப் புறந்தள்ளுவது துறையில் வழக்கமாகிவிட்டது. சொல்வளம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் குறுகிய அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடுதல் என்னும் அவற்றின் அமைப்பு, பல்லவியை மட்டுமே வைத்துக்கொண்டு சரணத்தைச் சுருக்கிய அமைப்பாகும். எழுத்தறியாதோர் பங்குபெறும் வாயில் அங்கே இன்னும் அகலமானது.

கவலைக்குரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்கிறது. நகர்ப்புறத்தைத் தொடர்ந்து சிற்றூர்க் கோயில்களிலும் பாடலின் சொற்கள் திரையில் ஒளிர்கின்றன. விசைப்பலகை முன்னமைத்த தாளத்தை ஒலிக்கிறது. அடியெடுத்துக் கொடுப்பவர் தேவையற்றவராகிறார். திரை எல்லாச் சரணங்களையும் ஒன்றுவிடாமல் காட்டும். அம்மையார் விட்ட மூன்றாவதும் ஐந்தாவதும் திரும்பி வந்துவிடும். படிக்கத் தெரிந்த பேத்தி முழுப்பாடலையும் பாடுவாள். படிக்கத் தெரியாத பாட்டி, தான் அறுபது ஆண்டு முன்னின்று பாடிய பாட்டில் பின்வரிசைக்குச் செல்வாள்.

ஆகவே, களஆய்வுக்குச் செல்லும் நம் மாணவர்கள் பாட்டுப் புத்தகத்தை மட்டும் படியெடுத்து வருவது போதாது. எந்தச் சரணம் பாடப்படுகிறது, எது விடப்படுகிறது, பல்லவிக்குத் திரும்பும்போது முதற்குரல் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுகிறதா பெண்கள் பக்கத்திலிருந்தா, இறந்தோர் வீட்டில் அதே பாடல் எந்த நடையில் பாடப்படுகிறது என்பவற்றை ஊர்தோறும் குறித்துவர வேண்டும். அடியெடுத்துக் கொடுப்போரின் வயதைப் பார்க்கையில், இதற்கு மிகுந்த கால அவகாசம் இருப்பதாகத் தோன்றவில்லை.